மூன்றாம் நபர்

விருத்தாம்பிகை மேடம் பதினோரு வருஷம் ஓட்டிய கார்.
ஒரு கீறலுக்குக்கூட க்ளெய்ம் போட்டதில்லை.
பாதிக்குப் பாதி தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தார்.
வண்டியோடு அதுவும் வரும் என்று நினைத்திருந்தேன்,
ஸ்டெப்னி மாதிரி,
டிக்கியில் மறந்துவிட்டுப் போன குடை மாதிரி.

"வராது ஜெனோவா" என்றார் இருசப்பன்.
மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில்
மேஜை போட்டிருக்கும் ஏஜென்ட்.
"வண்டியை விக்கலாம். நிதானத்தை விக்க முடியாது.
அது அந்தம்மா கூடவே போயிடும்."

எனக்கு இருபத்திரண்டு.
விபத்து இல்லை, அபராதம் இல்லை.
கம்பெனிக்கு இது நல்ல பெயர் இல்லையாம்;
ஒன்றுமே எழுதாத விடைத்தாள்.

போனில் ஒரு செயலி போட்டுக்கொண்டால்
ஓட்டும்போதெல்லாம் அது கவனித்துக்கொண்டே வரும்.
எண்பதுக்கு மேல் எடுத்தால்
அடுத்த வருஷம் குறைப்பார்கள்.
பிளஸ் டூவோடு மார்க் ஷீட் ஒழிந்தது என்றிருந்தவள்
'சம்மதம்' என்ற இடத்தைத் தொட்டேன்.

கிருமாம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி லேப்.
மதியம் இரண்டுக்குப் போனால்
ராத்திரி பதினொன்றுக்குத்தான் கையுறையைக் கழற்றுவேன்.
யார் யாருடைய ரத்தமோ எண்ணாகி,
எண் சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.
அப்புறம் வீட்டுக்கு, கடலூருக்கு.

காலையில் என்னுடைய எண் வந்திருந்தது.
கடும் பிரேக்: நான்கு.
இரவுப் பயணம்: முப்பத்தொரு நிமிடம்.
மதிப்பெண்: ஐம்பத்தெட்டு.

நான்கும் எனக்கு நன்றாகத் தெரியும்.
கன்னியக்கோயில் தாண்டி ஒரு எருமை
நடுரோட்டில் எழுந்து, யோசித்து, மறுபடி படுத்தது.
பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர்.
கங்கணாங்குப்பத்தில் கல்யாணப் பந்தல் பிரித்தவர்கள்
இழுத்த மூங்கிலில் ஒரு முனை மட்டும்
இருட்டிலிருந்து என் கண்ணாடிக்கு நேரே வந்தது.

இடித்திருந்தால் எழுத ஒரு படிவம் இருக்கிறது.
இடிக்காததற்கு மார்க்கைக் கழித்துவிட்டார்கள்.

"கொஞ்சம் முன்னாலேர்ந்தே மெதுவா அழுத்தணும்மா."
"எருமைகிட்ட முன்னாலேயே சொல்லச் சொல்லுங்க சார்."
இருசப்பன் சிரிக்கவில்லை.
ரசீதைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் படித்தேன்.
முதல் நபர் நான். இரண்டாவது கம்பெனி.
மூன்றாம் நபர் என்று ஒருவர்.
பெயர் இல்லை, வயது இல்லை, முகவரி இல்லை.
என் காருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
அவருக்கு மூவாயிரத்து நானூறு.
காருக்கு வருஷாவருஷம் விலை இறங்கும்,
அவருக்கு இறங்காது என்றார் இருசப்பன்,
வட்டி விகிதம் சொல்கிற குரலில்.

நான்காவது பிரேக் முள்ளோடையில்.
எல்லைக் கடைகள் ஷட்டர் இறக்குகிற நேரம்.
நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து
செருப்பைக் கையில் பிடித்தபடி
ஒருவர் என் வெளிச்சத்துக்குள் நடந்து வந்தார்.
ஒரு சாண் இருந்தது. அவ்வளவுதான்.
டயர் கத்தியது. டேஷ்போர்டில் போன் 'டிங்' என்றது.

பானெட்டில் கைவைத்து நின்றார்,
காய்ச்சல் பார்க்கிறவர்போல.
பிறகு நல்ல கெட்ட வார்த்தையாக
இரண்டைத் தேடி எடுத்துச் சொன்னார்.
கண்ணாடி ஏற்றியிருந்ததால் பாதிதான் கேட்டது.

கீழே விழுந்த பரோட்டாப் பொட்டலத்தைக் குனிந்து எடுத்தார்.
சால்னா கவரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து
உடையவில்லை என்று பார்த்துக்கொண்டார்.
அவர் பேரில் நான் பணம் கட்டியிருப்பது தெரியாமல்
சாலையைக் கடந்து போனார்.

அப்புறம் பெண்ணையாற்றுப் பாலம்வரை
முப்பதுக்கு மேல் போகவில்லை.
பின்னால் வந்த பஸ் ஹாரனை எடுக்கவே இல்லை.
மெதுவாகப் போனதற்கும் கழிப்பார்களா,
இருசப்பனைக் கேட்க வேண்டும்.