கழித்தல்

பிர்னோ நகரத்தில்
பதினோரு மணிக்கே அடித்துவிடும் உச்சிப்பொழுது மணி.
ஊரை வளைத்திருந்த படையை ஏமாற்ற
எப்போதோ யாரோ ஒரு மணி நேரத்தைக் கழித்தார்களாம்.
திருப்பிச் சேர்க்க இன்றுவரை எவருக்கும் தோன்றவில்லை.

அந்த மணியோடுதான் க்வியேதா வேலைக்கு வருவாள்.
நனைந்த காலுறைகளை வெந்நீர்க் குழாய்மேல் போட்டுவிட்டு
திரையைத் திறப்பாள்:
எட்டு விண்மீன்திரள்கள், ஒரு சிறு குழு.
நடுவில் நல்ல வெளிச்சம். அதைப் பற்றி
எல்லோரும் எழுதியாயிற்று, நானும்தான்.
அவளுக்கு விளிம்பு வேண்டும்.
குழு எங்கே முடிகிறது,
முடிந்த பிறகும் எவ்வளவு தூரம் முடியாமல் இருக்கிறது.

அங்கே வாயு இருக்கிறது, அரைக்கோடிப் பாகைச் சூட்டில்.
ஒரு குளியல் தொட்டி நிறைய அள்ளினால்
ஓரிரு துகள் தேறலாம்.
கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்கள்;
இது, கடலே கரைந்துபோன இடம்.

ஆறு நாள் இமைக்காமல் பார்த்தது துணைக்கோள்.
வந்து விழுந்த ஒவ்வொரு எக்ஸ் கதிருக்கும்
நேரம், இடம், ஆற்றல் எனப் பதிவு உண்டு.
முப்பது கோடி ஆண்டு நடந்து வந்ததும்
நேற்று சூரியனிலிருந்து வந்ததும்
ஒரே வரிசையில் நிற்கும்.

கழிக்கத் தொடங்கினாள்.
நம் பால்வீதியின் சொந்த வெதுவெதுப்பு.
வெகு பின்னால், பெயரில்லாத கருந்துளைகளின் கசிவு.
கருவி தனக்குத் தானே முனகியது.
நூற்றுக்குத் தொண்ணூறு போயிற்று.

மிச்சத்தில், தென்கிழக்கில், ஒரு பிரகாசம்.
நாற்காலியோடு உருண்டு போய்ப் பார்த்தேன்.
"வெளியிலிருந்து வாயு உள்ளே இறங்குகிறது, க்வியேதா!
பெரிய இழை!"
லெய்டனுக்கு மின்னஞ்சல் பாதி எழுதிவிட்டேன்.
படத்துக்கு நிறம்கூடத் தேர்ந்தாயிற்று, குங்குமப்பூ மஞ்சள்.

அவள் ஒன்றுதான் கேட்டாள்:
"ஆக்சிஜன் கோடு மட்டும் ஏன் இவ்வளவு உயரம், ராதொவன்?"

தென்கிழக்குத் துண்டை மட்டும்
வேறொரு புதன்கிழமை எடுத்திருந்தார்கள்.
அன்று சூரியக் காற்று பலமாக வீசி
பூமியின் வாசலில் உரசி ஒளிர்ந்திருக்கிறது.
பதினான்கு மணி நேரத்தை வெட்டி எடுத்தாள்.
என் இழை போயிற்று.
நம் வீட்டுப் புழுதியைத்தான்
அண்டத்தின் எல்லை என்று கொண்டாடியிருக்கிறேன்.

நான் எட்டாம் எண் டிராமில் வீடு திரும்பினேன்.
அவள் அங்கேயே இரவைக் கழித்தாள்.
(அதற்கு அட்டவணையில் பத்தி கிடையாது.)

காலையில் மேசைமேல் ஒரு தாள்.
அட்டவணையில் பெரும்பாலும் 'இதற்கு மேல் இல்லை' குறிகள்.
வடமேற்கில் மட்டும்,
நான் பார்க்கக்கூட நினைக்காத கோணத்தில்,
எதைக் கழித்தாலும் போகாத பத்தொன்பது கதிர்கள்.

"இது என்ன?" என்றேன்.
"தெரியாது. இருக்கிறது."
காலுறைகள் இன்னும் குழாய்மேல் காய்ந்துகொண்டிருந்தன.
கோயில் மணி அடித்தது.
உதடசையப் பன்னிரண்டும் எண்ணினாள்,
பிறகு, பழக்கத்தில்,
ஒன்றைக் கழித்தாள்.