ஆறரை

தம்பெரேயில் நாலு நாளாகப் பனி.
வெள்ளி மாலைக்குள் ஐந்து எண்கள் வேண்டும்.
"பத்துக்கு எத்தனை, அதைச் சொல்லு போதும்,
மற்றதை எவன் படிக்கிறான்" என்பாள்
ஆசிரியை பிர்க்கோ.

கார்ப் பந்தயத்துக்கு எட்டு:
ஈரச் சாலையில் டயர் அழும் சத்தத்துக்கே
பாதி போட்டிருப்பேன்.
பேய் பங்களாவுக்கு ஐந்து.
இரண்டாம் கதவு திறப்பதற்குள்
பேய்க்கே கொட்டாவி.
உழவு விளையாட்டில் நாலு நிமிடத்தில் முள்ளங்கி;
ஏழு கொடுத்துவிட்டு
விடியும்வரை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
சண்டையை ஓஸ்மோவிடம் தள்ளினேன்.
ஒன்பது என்றான்.
அவனுக்கு எல்லாமே ஒன்பது.

மிஞ்சியது ஒரு புதிர்.
விளக்கு அவிந்த கலங்கரை.
மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக்
கப்பல்களைக் கரைசேர்க்க வேண்டும்.
ஏழாம் கப்பல் பாதி வழியில் இருக்க
திரை உறைந்தது,
மூன்று முறையும்.
ஆறரை என்று அடித்து அனுப்பினேன்.

ஞாயிறு, அடுக்ககத்துச் சலவை அறை.
முறைப் பலகையில் எனக்கு முன்னால் நூத்தினென்:
புதிரின் முகப்பில் தனியாக நின்ற அதே பெயர்.
போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்:
"சராசரி எழுபத்தொன்பது.
எண்பது என்றால்தான் மீதிப் பணம்."
பிறகு போர்வையின் மறுமுனையை
என்னிடம் நீட்டினான்.
மடித்தோம், மூலையோடு மூலை.
என்ன வேலை என்று கேட்டான்.
கணக்கு, என்றேன்.

அன்றிரவு திரும்பப் போட்டேன்.
அதே ஏழாம் கப்பல், அதே உறைவு.
எண்ணில் பிழையில்லை.

ஆனாலும் அணைக்காமல்
அசையாத அந்தக் கப்பலை,
மேல்தளத்தில் யாரோ தரையைத் தட்டும்வரை
கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.