வாகனத் தரிப்பிடம் உண்டு / இல்லை

மாகாணத்திலிருந்து வந்த படிவத்துக்கு ஏழு நிரல்.
இடத்தின் பெயர். காலம். கட்டியவர்.
நுழைவுக் கட்டணம். மலசலகூடம்.
வாகனத் தரிப்பிடம் உண்டு / இல்லை.
ஏழாவது: உல்லாசப் பயணி ஏன் இங்கு வரவேண்டும்?

கந்தோரில் என் மேசைக்கு நேரே
வங்கி தந்த கலண்டர்.
ஆவணிக்கு மச்சு பிச்சு.
புரட்டாதிக்குப் பெட்ரா, ரோசாநிற மலையில் குடைந்த வாசல்.
ஐப்பசி பிறந்தும் நான் தாளைக் கிழிக்கவில்லை.
அந்த வாசலுக்காக ஒருமுறை பாஸ்போட் எடுத்தவன் நான்.
அது காலாவதியாகி நாலு வருசம்.

மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் சுற்றினேன்.
ஒல்லாந்தர் கோட்டை: சில கற்கள், மூன்று ஆடுகள்.
குளக்கட்டு: மாலையில் நல்லது,
யானை வராவிட்டால்.

நான்காம் நாள்
ஒட்டுசுட்டானுக்கு அங்காலை ஒரு வயல்.
எந்தத் திசை என்று கேட்காதீர்கள்.

கிணற்றடியில் பரிமளகாந்தி உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.
தோய்க்கிற கல் ஓர் ஆள் படுக்கும் நீளம்.
விளிம்பு நேர்.
மழை செதுக்கும் நேர் அல்ல அது.

"கல்லு எங்காலை, அக்கா?"

சவுக்கார நுரையைப் பார்த்தாள்.
என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.
"உழவு மெசினிலை கொழுவுப்பட்டது.
கலப்பையும் முறிஞ்சு போச்சு."

"கீழ்ப்பக்கம்?"

"கீழ்ப்பக்கம்
கீழ்ப்பக்கமாவே கிடக்கட்டும்."

பிறகு, ஒரு சட்டையைப் பிழிந்தபடி:
"பக்கத்து வெளியிலை ரெண்டு உடைஞ்ச செங்கல் கண்டவை.
அடுத்த கிழமை பலகை.
அதுக்கடுத்த கிழமை எல்லைக் கல்லு.
விதைச்ச நெல்லு வேலிக்கு உள்ளுக்கை முத்திக் கொட்டுண்டது.
வெட்டப் போனவனுக்கு வழக்கு.
ஆற்றை செங்கல் எண்டு
இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

ஏனென்று தெரியாது,
போனை எடுத்துப் பெட்ராவைக் காட்டினேன்.
ஒரு கல்லைப் பார்க்க உலகம்
எவ்வளவு தூரம் நடக்கும் என்று சொல்ல நினைத்தேன் போல.
ஈரக்கையைச் சேலையில் துடைத்து
இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.
தூணைப் பார்த்தாள். ஒட்டகத்தைப் பார்த்தாள்.

"வடிவாத்தான் கிடக்கு.
இதுக்குள்ளை இருந்த சனம் எங்கை?"

எனக்குத் தெரியும். வாசித்திருக்கிறேன்.
குகைகளில் குடியிருந்தவர்களைக்
குன்றுக்கு அப்பால் புது வீடுகளுக்கு மாற்றினார்கள்.
சொல்லவில்லை.

"எழுப்பி விட்டிருப்பினம்" என்றாள் அவளே,
மழை வரும் என்று சொல்வதுபோல.

முகாமிலிருந்து திரும்பி வந்தபோது
அவள் வீடு வெறும் அத்திவாரம்.
நாலு படி. ஏறினால் வானம்.
சாமியறைக்குள் வேப்பங்கன்று.
"அதை ஒருத்தரும் வந்து படம் எடுக்கேல்லை, தம்பி.
அதுக்கு வயசு காணாதாக்கும்."

போகமுன் கால் கழுவினேன்.
செருப்பை மாட்டும் சாட்டில் குனிந்து
கல்லின் அடியில் விரல் விட்டேன்.
சேறு. ஒரு நத்தை.
அப்புறம் ஒரு வளைவு, இன்னொரு வளைவு.
இதழோ,
படமெடுத்த பாம்பின் ஓரமோ,
யாரோ மடித்துவைத்த முழங்காலோ.
விரல் போகப் போக அது நீண்டது.
அவள் காணாதவள்போல் வாளியைக் கிணற்றில் விட்டாள்.
கப்பி கீச்சிட்டது, கன நேரம்.

படிவத்தை அனுப்பினேன். இரண்டு இடங்கள்.
பத்தாம் நாள் திரும்பி வந்தது,
சிவப்பு மையில்: போதாது. மேலும் தேடவும்.

அன்றுதான் பெட்ராவைக் கிழித்தேன்.
பின்பக்கம் நல்ல வெள்ளை.
ஒரு வளைவு வரைந்தேன்.
இன்னொன்று.
மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பியது என்பது
விரலுக்கு ஞாபகமில்லை.

யாரோ கதவைத் திறந்தார்கள், தேத்தண்ணியோடு.
தாளை நாலாகக் கிழித்தேன்.
இரண்டு துண்டு கந்தோர்க் கூடைக்குள்.
இரண்டு,
வீட்டுக்குப் போகும் வழியில், குளத்துக்குள்.