திருத்தப்பட்ட முடிவு

கடிதம் செல்லூர் பழைய வீட்டுக்குப் போய்
'ஆள் இல்லை' என்று கிறுக்கப்பட்டு
ஆனையூர் வந்து சேர ஒன்பது நாள்.
அதற்கு முன்னால் எட்டு வருடம்.

"பெண்கள் ஐயாயிரம் மீட்டர். முதலிடம் ரத்து.
இரண்டாமிடம் முதலிடமாகத் திருத்தப்படுகிறது.
வெள்ளியைத் திருப்பி அனுப்பவும்.
தங்கம் பின்னர் அனுப்பப்படும்."

கரண்ட் பில்லில்கூட
இதைவிட உருக்கம் இருக்கும்.

மூன்று பேருமே கொடுத்தோம் அன்றைக்கு,
ஆளுக்கொரு குப்பியில்.
ரெஜினாளுடையது எங்கோ ஒரு குளிர்பெட்டியில்
எட்டுச் சித்திரையும் உறைந்து கிடந்திருக்கிறது.
இங்கே தார் உருகி,
தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி,
கல்யாணம் கட்டி, முட்டி தேய்ந்து
நாங்கள் வயதாகிக்கொண்டிருந்தபோது
அது மட்டும்
இருபத்திரண்டு வயதிலேயே இருந்தது.

வெள்ளியைத் தேட வேண்டியதில்லை.
தம்பியின் ஷேர் ஆட்டோ கண்ணாடியில்
எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.
மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்குமாய்
என்னைவிட அதுதான் அதிகம் ஓடியது.
ஒரு கஷ்டத்தில் தெற்காவணி மூல வீதிக்குக் கொண்டுபோனேன்.
உரசிப் பார்த்துச் சிரித்தார் கடைக்காரர்:
"வெள்ளின்னு எழுதித்தான் இருக்கு, தாயி."
நல்லவேளை.
எடுத்துக்கொண்டிருந்தால்
இப்போது எதைத் திருப்பி அனுப்புவேன்?

தம்பி கயிற்றை அறுத்துக் கொடுத்தான்.
"தங்கம் வந்தா அதையும் மாட்டலாம்ல?"
துடைத்தேன். சந்தனம் போனது.
டீசல் வாசனை போகவில்லை.
இனி இது கருமாத்தூர் ஒச்சம்மாளுக்கு.
அவளுடைய வெண்கலம் நான்காவதாக வந்தவளுக்கு.
அவள் பெயர் மறந்துவிட்டது.
கோட்டைத் தாண்டியதும் வாந்தியெடுத்தாள்,
அது ஞாபகம் இருக்கிறது.

அந்த வருடம் ரயில்வேயில் இருந்தது ஒரே ஒரு வேலை.
ரெஜினாளிடமிருந்து அதையும் பிடுங்கிவிட்டார்களாம்.
பதக்கம் மாதிரி அது
ஓர் ஆள் தள்ளி இறங்கி வரவில்லை.
வயது வரம்பு இருபத்தைந்து.
எனக்கு முப்பத்தொன்று.

கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது.
அதைக் கூட்டிக்கொண்டு
விடியற்காலை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன்.
சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று
நடக்கிறவர்கள் உள்தடத்தை அடைத்துப் போகிறார்கள்.
நான் வெளியே ஓடினேன், மூன்று சுற்று,
மூச்சு அதற்குத்தான் இருந்தது.

மொத்தம் பன்னிரண்டரை.
அன்று பதினொன்றாவதில் எனக்குக் கண் இருட்டியது.
தோள் விழுந்து, நிற்கப்போனேன்.
முன்னால் போனவள் திரும்பிப் பார்த்தாள்.
ஜெயிக்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, நேரம் போகும்.
பார்த்தாள்.
"வாடி" என்றாள்.
அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான்
இரண்டாவதாக வந்தேன்.

அதையும் சோதித்திருப்பார்களா?
எந்தக் குப்பியில் இருந்தது அது,
அவளுடையதிலா
என்னுடையதிலா.