மேற்படி

எழுத்துக் கூட்டிச் சொல்லியே
பாதி ஆயுள் போய்விட்டது எனக்கு.
ஆங்வின். ஆங், அப்புறம் வின்.
பல் ஆஸ்பத்திரிச் சீட்டில்
ஒருமுறை நான் ஏஞ்சலின்.

ரெட்ரூத் ஆவணக் காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதியில்லை.
செவ்வாய்தோறும் ஒரு பென்சிலோடு,
பேருந்துப் பணிமனையில் மதிய ஷிப்ட் தொடங்குமுன்,
பத்துப் பத்து வருடமாகப் பின்னால் நடந்தேன்.

1911.
அப்பாவின் தாத்தா ஹானிபல்
தன் கையாலேயே நிரப்பிய படிவம்.
பிறந்தவை ஏழு. இருப்பவை இரண்டு. இறந்தவை ஐந்து.
மனைவிமாருக்கான கட்டமாம் அது.
மனைவியைப் புதைத்தவர் எழுதலாகாதென்று
சிவப்பு மையால் அடித்திருந்தார் குமாஸ்தா.
கோட்டுக்கு அடியிலும்
ஐந்து, ஐந்தாகவே இருந்தது.

1891இல் நாங்கள் ஹாங்வின்.
1881இல் அவரைக் காணோம்,
மெக்சிகோவில் வெள்ளி வெட்டப் போயிருக்கலாம்.
குடும்பத் தலைவர் யார் என்ற கேள்விக்கு
லவ்டே தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.
1861இல் பதின்மூன்று வயது, மகன்,
தகரக் கல் உடைப்பவன்.

பிறகு 1851, மார்ச் முப்பது, ஞாயிறு இரவு.
செயின்ட் ஜஸ்டின் மேற்கு ஓரத்தில்
ஒரு சுரங்கக்காரன் வீடு.
தலைவர்: ஜேம்ஸ் ஆங்வின்.
மனைவி: கிரேஸ், மேற்படி.
மகள்: தாமசின், மேற்படி.
கடைசி வரியில்
ஹானிபல். வயது மூன்று.
உறவு: வளர்க்க விடப்பட்ட பிள்ளை.
பிறந்த ஊர்: தெரியாது.
குடும்பப் பெயர்
மேற்படி.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கணக்கெடுத்த டிகரி டாங்கின்
அன்று எழுபதாவது வீட்டைப் படியெடுத்துக்கொண்டிருந்தாரோ,
மெழுகுவத்தி குறைந்ததோ, கை மரத்ததோ,
பழக்கத்தில் விழுந்ததோ அந்த இரண்டெழுத்துச் சுருக்கம்.
இல்லை, வாசலில் கேட்டதற்கு கிரேஸ்தான்
இடுப்பில் அவனை மாற்றிக்கொண்டே
"அப்படியே போடுங்களேன்" என்றாளோ.
இதை மட்டும் எந்தக் குமாஸ்தாவும் அடிக்கவில்லை.

கல்லறையில் செதுக்கியது, என் உரிமத்தில் அச்சானது,
என் மகள் கல்யாணத்துக்குப் பிறகும்
விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது
எல்லாம் அந்த மேற்படிதான்.

ஆனால் அதே ஞாயிறு இரவு
வேறெங்கோ, வேறொரு புத்தகத்தில்,
ஒரு பிள்ளை குறைவாக எண்ணப்பட்ட பெண் ஒருத்தி
இருந்தாக வேண்டும்.
வேலைக்காரி, மணமாகாதவள், இருபது என்று
பக்கத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

வரும் செவ்வாய் மறுபடி போகிறேன்.
பென்சில் சீவியாயிற்று.
கூட்டிச் சொல்ல
இந்த முறை ஓர் எழுத்துகூட இல்லை.