மியூட்

செங்காங் வீட்டின் பாம் ஷெல்டர்தான் என் ஆபிஸ்.
அரிசி மூட்டைக்கும் சூட்கேசுக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை.
குண்டைத் தாங்கும் சுவர்
வைஃபையையும் உள்ளே விடாது.
அதனால் நீலக் கேபிள் ஒன்று
கதவிடுக்கில் படுத்திருக்கிறது.
இரும்புக் கதவை முழுதாய்ச் சாத்த முடியாமல்
மூன்று விரல் இடைவெளி.

அதன் வழியாகத்தான் வீடு வேலைக்குள் வருகிறது:
குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிரில்,
ஒரு கண்ணையும் பாதி மூக்கையும் நுழைத்து
உதட்டை மட்டும் அசைத்து
"மியூட்டா?" என்று கேட்கும் இதழினி.
ஆறு வயதில் அவள் கற்ற முதல் மரியாதை அது.

துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி.
காலை ஒன்பதிலிருந்து நான் இசா.
இசைவாணி என்று சொல்லி முடிப்பதற்குள்
கோபக்காரர்களுக்கு இன்னும் கோபம் வருகிறது.
ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம்.
கழிப்பறைக்கு எட்டு, நாள் முழுவதற்கும்.

இன்று பதினேழாவது அழைப்பு, திரு குவெக்.
மூன்று முறை டெக்னீஷியன் வரவில்லையாம்.
மூன்று முறையும் லீவு போட்டுக் காத்திருந்தாராம்.
"நீ ரோபோவா?" என்றார்.
இல்லை சார் என்பதையும்
ரோபோ போலத்தான் சொல்ல வருகிறது எனக்கு.

அப்போது கீழே காராங்கூனிக்காரரின் ஹாரன்.
கதவிடுக்கு வழியே இடக்காதில் ஒரு பொம்.
அரை நொடி கழித்து
ஒற்றைக்காது ஹெட்செட்டில் அதே பொம்.

திரையை மேலே தள்ளி முகவரி பார்த்தேன்.
என் புளோக். அதே வரிசை.
ஒன்பதாம் மாடி.
நான் எட்டு.

மூன்று வாரமாய் என் மூங்கில் கழியில்
காய்ந்து முடித்த பள்ளிச் சீருடைமேல்
சொட்டுகிற தண்ணீர் இவருடையது.
நகர மன்றத்துக்கு எழுதிய புகார்
நான்கு படங்களோடு
போனில் டிராஃப்டாய்க் கிடக்கிறது.
பிழியத் தெரியாத ஜென்மங்கள் என்று
ஜன்னலில் தலைநீட்டித் திட்டியிருக்கிறேன்,
தமிழில், பத்திரமாக.

"அப்பா படுக்கையில்.
ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, கையால் துவைக்கிறேன்.
மணிக்கட்டு வீங்கிவிட்டது, பிழிய முடியவில்லை."
அவர் கத்தாமல் சொன்ன முதல் வாக்கியங்கள்.

மியூட்டை அழுத்தினேன்.
மியூட்டில் வழக்கமாய்த் திட்டுவேன்.
ஒன்றும் வரவில்லை.

முன்னுரிமைக் கட்டத்தை டிக் செய்தால்
காரணம் கேட்கிறது திரை, இருநூறு எழுத்துக்குள்.
என் மகளின் சீருடை நனைகிறது
என்றா எழுதுவது?
வீட்டில் நோயாளி, என்று எழுதினேன்.
நாளை, ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில்.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சார்?"
தினமும் அறுபது முறை சொல்கிற வாக்கியம்.
இன்றுதான்
ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ எனப் பயந்தேன்.
வைத்துவிட்டார்.
எனக்கு அவர் தந்த மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு.

மாலை, மின்தூக்கியில்
பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலங்கள் இரண்டு.
அவற்றுக்குப் பின்னால் ஒருவர்,
வீங்கிய கையால் கதவை எங்களுக்காகப் பிடித்தபடி.
எந்த மாடி, என்றார்.

வாயைத் திறந்தால் இசா வந்துவிடுவாள்.
விரல்களைக் காட்டினேன், எட்டு.

இதழினி என்னை அண்ணாந்து பார்த்து
உதட்டை மட்டும் அசைத்தாள்:
மியூட்டா?