யாரோ உள்ளே இருக்கிறார்கள்

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
ரிக் வண்டிகள் நிற்கும் ஷெட்டுக்கு மேல்மாடி.
ஏசி ஓடுவது எனக்காக அல்ல,
சர்வருக்காக.

பதினொரு வண்டியையும் பிரித்தாகிவிட்டது.
ஆறு ராசுக்குட்டி அண்ணனுக்கு,
ஐந்து சென்னியப்பனுக்கு.
கம்ப்ரசர், கேசிங் பைப்,
தேய்ந்துபோன பிட்டு வரைக்கும்
எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள்.
வராத பாக்கியை எப்படிப் பிரிப்பது?
மூன்று நாள் கத்திவிட்டு
இருவரும் ஒரே வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தார்கள்:
"அது கெடக்குது, அழிச்சுப் போடு கண்ணு."

வட்டு என்பது ஒரே காடு.
இது கணக்கு, இது சம்பளம், இது பழைய போர் என்று
வரப்புப் போட்டது நான்தான், எட்டு வருடம் முன்பு.
கல் நடவில்லை, வேலி இல்லை.
முதல் ஏட்டில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்:
இங்கிருந்து இதுவரை இன்னாருடையது.
இன்று ராத்திரி அந்தக் குறிப்பில்
ஒரு வரியைக் கிழிக்க வேண்டும்.

முதலில் இறக்கிவிட வேண்டும். யூமவுண்ட்.
அடித்தேன்.
முடியாது என்றது.
உபயோகத்தில் இருக்கிறதாம்.

மணி ஒன்று நாற்பது.
ராய்ப்பூர் மேனேஜர் பரணீதரன் தூங்கியிருப்பார்.
ஆடிட்டர் ஆபீசில் எட்டுக்கே பூட்டு.
யார் பிடித்துக்கொண்டிருப்பது என்று
சர்வரையே கேட்டேன்.
ஒரே ஒரு வரி வந்தது.
பயனர்: யுவராணி.

நான்.

சாயங்காலம் இன்னொரு ஜன்னலைத் திறந்து
சும்மா பார்க்கலாமென்று உள்ளே போனவள்
வெளியே வரவேயில்லை.
அங்கேயே நிற்கிறேன், மொடக்குறிச்சிக்கு அக்கட்ட
யாரோ ஒருவர் காட்டில்.
ஒரே வாரத்தில் மூன்று போர்.
எண்ணூற்று நாற்பது அடி, புகை.
ஆயிரத்து நூறு, புகை.
ஆயிரத்து முந்நூற்று இருபது, மண் கொஞ்சம் ஈரம்.
பாக்கி இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
குறிப்புக் கட்டத்தில் வண்டி ஆபரேட்டர்
போனிலிருந்து தட்டியிருக்கிறார்:
"காட்டுக்காரம்மா எல்லாத்துக்கும் டீ குடுத்துச்சு.
பணம் கேக்கறதுக்கு வாய் வல்ல."

இப்படி இருநூற்றுப் பதினாலு காடு.

ஜன்னலை மூடினேன்.
திரும்ப அடித்தேன். சத்தமில்லாமல் இறங்கியது.
எல்வி ரிமூவ், பிறகு பெயர்.
பெயரை நான்கு முறை படித்தேன்;
பக்கத்து வரப்பு சம்பளம்,
ஒரு எழுத்துப் பிசகினால்
நாற்பது குடும்பத்துக்குப் படி போகாது.

நிஜமாகவே நீக்கவா, ஆமாவா இல்லையா
என்று கேட்டது இயந்திரம்.
மூன்று நாளில் என்னை யாரும்
இதைக் கேட்கவில்லை.

ஒய்.

நீக்கப்பட்டது என்றது.
காலி இடம் எண்ணூறு ஜிபி கூடியது.

அது சொல்லாமல் விட்டவை இரண்டு.
கிழிந்தது குறிப்புதான், காடு அல்ல.
வேறொருவர் வந்து உழும்வரை
சுழலும் தட்டில் அந்த எழுத்துகள்
போட்டது போட்டபடி கிடக்கும்:
புகை, புகை, கொஞ்சம் ஈரம், டீ.
இன்னொன்று,
கிழிப்பதற்கு ஒரு கணம் முன்பு
பழைய ஏட்டை ஒரு நகல் எடுத்து
அதுவாகவே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும்.
நான் சொல்லி அல்ல. அதன் சுபாவம் அப்படி.
அந்த நகல் இருந்தால் வரப்பைத் திரும்பப் போடலாம்.

காலை ஆறேகாலுக்கு ராசுக்குட்டி அண்ணன் போன்.
"போச்சா கண்ணு?"
"போச்சுங்க."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஏதோ வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமியது.
"அந்த எடத்துல கேமரா ரெக்கார்டைப் போட்டுரலாமல்ல?"

"வட்டு சூடா இருக்குதுங்ணா," என்றேன்.
"நாலு நாள் ஆறட்டும்."

ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.